முதல் நம்பர் லைசென்சு
ஆகாய விமானத்தை வளர்த்து, அதைச் சர்க்காரிடம் பறிகொடுத்து, பிறகு சர்க்காருக்காகவே நடத்திய ஜே. ஆர். டி. டாட்டாவின் கதை

ஏலகிரி ஒரு பக்கம். ஜவ்வாது மலை இன்னொரு பக்கம். நடுவே திருப்பத்தூர். இந்த ஊருக்கு ரயில் உண்டு. விமான நிலையம் கிடையாது. ஆனாலும், தலைக்கு மேலே விமானம் போனால் யாரும் வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்ப்பதில்லை. அவ்வளவு பழகிவிட்டது.

ஆகாயத்துக்கு வேலி இல்லை. ஆனால், விமானம் தன் இஷ்டப்படி பறக்க முடியாது. திருப்பத்தூரில் இருந்து ஆலங்காயத்துக்குப் பஸ் விடவேண்டும் என்றால், ரூட் பெர்மிட் வேண்டும் அல்லவா? அதுபோல் ஆகாயத்துக்கும் பெர்மிட் உண்டு. விமானம் ஓட்டுகிறவருக்கு லைசென்சு. விமானத்துக்குத் தகுதிச் சான்று. அதை நடத்தும் கம்பெனிக்கு அனுமதி. எல்லாம் சர்க்கார் கையில்.

யார் பறக்கலாம், எங்கே பறக்கலாம், எத்தனை கம்பெனிகள் இருக்கலாம்? இந்தக் கேள்விகளோடு வாழ்நாள் முழுவதும் மல்லாடியவர் ஒருவர் இருந்தார். அவர்தான் ஜே. ஆர். டி. டாட்டா.

பிளேரியோவின் பக்கத்து வீடு

ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா என்பது முழுப் பெயர். 1904-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி, பாரீஸ் நகரில் பிறந்தார். தகப்பனார் ஆர். டி. டாட்டா பார்சி வகுப்பைச் சேர்ந்தவர்; இரும்பாலைக்கு வித்திட்ட ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் உறவினர். தாயார் சுசான் பிரெஞ்சுப் பெண்மணி.

பிரான்சின் வடக்குக் கடற்கரையில் ஹார்டிலோ என்ற இடம். கோடைக் காலத்தில் டாட்டா குடும்பம் அங்கே போய்த் தங்கும். பக்கத்திலேயே ஒரு பெரிய மனிதரின் வீடு இருந்தது. அவர் லூயி பிளேரியோ. 1909-ம் ஆண்டில் இங்கிலீஷ் கால்வாயை முதல் முதலாக விமானத்தில் தாண்டிய வீரர்!

பிளேரியோவின் விமானம் கடற்கரை மணலில் வந்து இறங்கும். சிறுவன் ஜஹாங்கீர் அதை வைத்த கண் வாங்காமல் பார்ப்பான். ஒருநாள் நாமும் பறக்கவேண்டும் என்ற ஆசை அங்கே விழுந்த விதை.

வாலிபனானதும் பிரெஞ்சு ராணுவத்தில் ஓராண்டு சேவை. பிறகு கேம்பிரிட்ஜில் என்ஜினீயரிங் படிக்க ஆசை. ஆனால், தகப்பனார் பம்பாய்க்கு அழைத்துவிட்டார். 1925-ம் ஆண்டின் முடிவில் டாட்டா கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே தகப்பனார் காலமானார். 22 வயதில் குடும்பப் பாரம் தோளில் ஏறியது. கல்லூரிப் படிப்பு கனவாகவே போயிற்று.

1929-ம் ஆண்டில் பிரெஞ்சுக் குடியுரிமையைக் கைவிட்டார். அதே ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி அவர் கைக்கு ஒரு சிறிய புத்தகம் வந்தது. விமானி லைசென்சு! இந்தியாவில் வழங்கப்பட்ட லைசென்சுகளில் அதன் நம்பர் 1.

ஆகாகான் பந்தயம்

அந்தச் சமயத்தில் ஆகாகான் ஒரு பரிசு அறிவித்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாக விமானம் ஓட்டிச் செல்லும் முதல் இந்தியருக்கு 500 பவுன். 1930-ம் ஆண்டில் டாட்டா கராச்சியில் இருந்து லண்டனுக்குப் புறப்பட்டார். ஆஸ்பி என்ஜினீயர் என்ற 17 வயது வாலிபர் லண்டனில் இருந்து இந்தியாவுக்குப் புறப்பட்டார்.

இருவரும் எகிப்து நாட்டில், அபூகிர் என்ற இடத்தில் எதிரும் புதிருமாகச் சந்தித்தார்கள். ஆஸ்பியின் விமானத்துக்கு ஸ்பார்க் பிளக் இல்லை. பறக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். எதிராளி தவிக்கிறான் என்று டாட்டா சும்மா இருக்கவில்லை. தன்னிடம் இருந்த பிளக்கை எடுத்துக் கொடுத்தார். ஆஸ்பி பறந்தார். சில மணி நேர வித்தியாசத்தில் பரிசையும் தட்டிக்கொண்டார்!

இந்த ஆஸ்பிதான் 1960-ம் ஆண்டில் இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதி ஆனவர்.

55 பவுண்டு தபால்

நெவில் வின்சென்ட் என்ற ஆங்கிலேயர் பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்தவர். இந்தியாவில் தபால் விமானம் நடத்தலாம் என்று ஒரு திட்டத்தோடு டாட்டாவிடம் வந்தார். லண்டனில் இருந்து வரும் தபாலை இம்பீரியல் ஏர்வேஸ் கம்பெனி கராச்சி வரை கொண்டுவந்தது. அதற்கு மேல் ரயில்தான். கராச்சியில் இருந்து பம்பாய் வழியாகச் சென்னை வரை அந்தத் தபாலை விமானத்தில் கொண்டுபோனால் என்ன?

அன்றைய வெள்ளைக்கார சர்க்கார் மூன்று ஆண்டுகள் இழுத்தடித்தது. உலகம் முழுவதும் பணமுடை. மானியம் கொடுக்க கஜானாவில் பணம் இல்லை. கடைசியில், மானியமே வேண்டாம், சுமக்கும் தபாலுக்குக் கூலி கொடுத்தால் போதும் என்று டாட்டா கம்பெனி இறங்கி வந்தது. 1932-ம் ஆண்டு ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

அதே ஆண்டு அக்டோபர் 15. காலை நேரம். கராச்சியில் இருந்து புஸ்மாத் என்ற சின்னஞ்சிறு விமானத்தில் டாட்டா தனியாகக் கிளம்பினார். பின்னால் 55 பவுண்டு எடையுள்ள தபால் மூட்டை. வழியில் ஆமதாபாத்தில் பெட்ரோல் பிடிக்கவேண்டும். பெட்ரோல் எதில் வந்தது தெரியுமா? மாட்டு வண்டியில்! டின் டின்னாக ஊற்றிக்கொண்டு மறுபடியும் பறந்தார். பிற்பகல் 2 மணி அடிப்பதற்கு முன்பு பம்பாய் ஜுஹு மைதானத்தில் இறங்கிவிட்டார்.

அங்கே வின்சென்ட் தயாராக நின்றார். தென்னாட்டுத் தபாலை வாங்கிக்கொண்டு, பெல்லாரி வழியாக மறுநாள் சென்னைக்கு வந்து சேர்ந்தார். இந்தியாவின் உள்நாட்டு விமான சர்வீஸ் இப்படித்தான் பிறந்தது. அதன் ஒரு முனை நம் சென்னை என்பது நமக்குப் பெருமை.

ஜுஹு மைதானம் மழைக்காலத்தில் சேறாகிவிடும். அப்போது விமானங்கள் புனாவுக்குக் குடிபெயரும். வயர்லெஸ் கிடையாது. வழிகாட்டும் விளக்கு கிடையாது. ஆனாலும், 1933-ம் ஆண்டு முழுவதும் 1,60,000 மைல் பறந்தார்கள். ஏற்றிச் சென்ற பயணிகள் 155 பேர். லாபம் 60 ஆயிரம் ரூபாய்.

1935-ம் ஆண்டில் திருவனந்தபுரத்துக்கும், 1938-ம் ஆண்டில் திருச்சி வழியாகக் கொழும்புக்கும் டாட்டா விமானம் போயிற்று. இதற்கிடையே 1934-ம் ஆண்டில் இந்திய விமானச் சட்டம் வந்தது. விமானத்தைக் கட்டுவது முதல் ஓட்டுவது வரை சர்க்காரின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதாயிற்று. அந்தச் சட்டம் 90 ஆண்டுகள் நீடித்தது.

1938-ம் ஆண்டில், 34 வயதில், டாட்டா கம்பெனிகள் அனைத்துக்கும் அவர் தலைவர் ஆனார். இரும்பு, மின்சாரம், ஓட்டல் என்று எத்தனையோ தொழில்கள். ஆனாலும், மூத்த பிள்ளைபோல் அவர் கொண்டாடியது விமானக் கம்பெனியைத்தான். 1942-ம் ஆண்டில் நண்பர் வின்சென்ட் போர்க்கால விமானப் பயணத்தில் மாண்டுபோனார். அது அவருக்குப் பேரிடி.

லைசென்சு மழை

இரண்டாவது உலகப்போர் முடிந்தது. ராணுவம் கழித்துப்போட்ட டக்கோட்டா விமானங்கள் மலிவு விலைக்கு வந்தன. கையில் பணம் உள்ளவர்கள் எல்லோரும் விமானக் கம்பெனி தொடங்கினார்கள்.

1946-ம் ஆண்டில் சர்க்கார் ஒரு லைசென்சு போர்டை அமைத்தது. லைசென்சு இல்லாமல் யாரும் ஒழுங்கான விமான சர்வீஸ் நடத்தக்கூடாது என்று உத்தரவு. நல்ல ஏற்பாடுதான். ஆனால், போர்டு லைசென்சுகளை வாரி வழங்கியது. சந்தை சிறியது, கடைகள் அதிகம். ஒரு தெருவில் பத்து காப்பிக்கடை வந்தால் என்ன ஆகும்? அதுவேதான் ஆகாயத்திலும் நடந்தது. பெட்ரோல் விலையும் வரியும் வேறு கழுத்தை நெரித்தன. ஜூபிடர் ஏர்வேஸ், அம்பிகா ஏர்லைன்ஸ் போன்ற கம்பெனிகள் சீக்கிரமே மூடப்பட்டன.

இந்த லைசென்சு மழையை டாட்டா ஆரம்பத்தில் இருந்தே எதிர்த்தார். தன் கம்பெனிக்குப் போட்டி வேண்டாம் என்பதற்காகத்தான் எதிர்க்கிறார் என்று சிலர் சொன்னார்கள். அதிலும் சிறிது உண்மை இருக்கலாம். ஆனால், எல்லோரும் நஷ்டப்படுவார்கள் என்று அவர் போட்ட கணக்கு சரியாகவே இருந்தது.

அவருடைய கம்பெனி 1946-ம் ஆண்டில் ஏர் இந்தியா என்று பெயர் மாறியது. நாடு விடுதலை அடைந்ததும், வெளிநாட்டுக்கு விமானம் விடும் திட்டம் ஒன்றைச் சர்க்கார் முன் வைத்தார். பங்குகளில் 49 சதவீதம் சர்க்காருக்கு. வேண்டும்போது இன்னும் 2 சதவீதம் வாங்கிக்கொள்ளலாம். சர்க்காரும் தனியாரும் கைகோக்கும் புது வழி. நேரு சர்க்கார் ஒப்புக்கொண்டது. 1948-ம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி "மலபார் பிரின்சஸ்" என்ற விமானம் பம்பாயில் இருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் பறந்தது. டாட்டாவும் அதில் பயணம் செய்தார்.

இரவுத் தபால் தகராறு

அந்த நாளில் தகவல் தொடர்பு மந்திரியாக இருந்தவர் ரபி அகமது கித்வாய். கடிதம் எழுதுகிற சாதாரண மனிதனுக்கும் விமானம் பயன்படவேண்டும் என்று அவர் நினைத்தார். சென்னை, பம்பாய், கல்கத்தா, டில்லி ஆகிய நான்கு ஊர்களில் இருந்தும் இரவில் விமானங்கள் புறப்படும். நடு இரவில் நாகபுரியில் சந்திக்கும். தபால் மூட்டைகளை மாற்றிக்கொண்டு, விடிவதற்குள் ஊர் திரும்பும். இதுதான் திட்டம்.

டாட்டா இதை எதிர்த்தார். இரவில் இறங்குவதற்கு வேண்டிய வசதிகள் போதாது, செலவும் கட்டுபடியாகாது என்பது அவர் வாதம். மந்திரி விடவில்லை. வேறு கம்பெனிகளைக் கொண்டு 1949-ம் ஆண்டு ஜனவரியில் தொடங்கியே விட்டார். திருப்பத்தூரில் போட்ட கடிதம் ரயிலில் சென்னை சேர்ந்து, இரவோடு இரவாக டில்லிக்குப் பறந்தது. இரவுத் தபால் பல ஆண்டுகள் வெற்றிகரமாக நடந்தது. இந்த விஷயத்தில் பலித்தது கித்வாயின் கணக்குத்தான். பெரிய நிபுணர்களும் சில சமயம் தவறிவிடுவார்கள்.

சட்டம் வந்தது

கம்பெனிகளின் நஷ்டம் வளர்ந்துகொண்டே போயிற்று. 1950-ம் ஆண்டில் நீதிபதி ராஜாத்யட்சா தலைமையில் அமைந்த விசாரணைக் கமிட்டி, கம்பெனிகள் அளவுக்கு மிஞ்சி இருப்பதைச் சுட்டிக்காட்டியது. அவை தாங்களாகவே ஒன்று சேரவேண்டும், உடனே சர்க்கார் மயமாக்கவேண்டியதில்லை என்று யோசனை சொன்னது. ஆனால், கம்பெனிகள் ஒன்று சேரவில்லை. புது விமானம் வாங்கப் பணமும் இல்லை.

சர்க்கார் முடிவு கட்டியது. எல்லாவற்றையும் தேச உடைமை ஆக்குவது என்று 1952-ம் ஆண்டின் கடைசியில் மந்திரி ஜகஜீவன்ராம் தெரிவித்தார். டாட்டா மனம் ஒடிந்து போனார். நேருவும் அவரும் பழைய நண்பர்கள். இந்த நாட்டில் விமான சர்வீஸைத் தோற்றுவித்த தன்னிடம் ஒரு வார்த்தை கலக்கவில்லையே என்ற வருத்தம் அவருக்குக் கடைசி வரை போகவில்லை. நேரு சமாதானம் சொல்லிக் கடிதம் எழுதியும் காயம் ஆறவில்லை.

சர்க்கார் பக்கத்திலும் நியாயம் இருந்தது. முதல் போட முடியாத கம்பெனிகளை நம்பி எத்தனை நாள் ஆகாயத்தை விட்டுவைப்பது? நாட்டின் போக்குவரத்து நாட்டின் கையில் இருக்கவேண்டும் என்பது அன்றையக் கொள்கை. ரயிலை வாங்கிய சர்க்கார், விமானத்தையும் வாங்கியது.

கோபத்தில் டாட்டா விலகிப் போய்விடவில்லை. எல்லாவற்றையும் ஒரே கார்ப்பரேஷனாகக் குவித்துவிடாதீர்கள், வெளிநாட்டு சர்வீஸைத் தனியாக வையுங்கள் என்று மன்றாடினார். அது பலித்தது. 1953-ம் ஆண்டின் சட்டப்படி இரண்டு கார்ப்பரேஷன்கள் பிறந்தன. ஆகஸ்டு 1-ந் தேதி ஒன்பது கம்பெனிகளும் சர்க்கார் வசமாயின. அன்று முதல் ஒழுங்கான விமான சர்வீஸ் நடத்தும் உரிமை அந்த இரண்டு கார்ப்பரேஷன்களுக்கு மட்டுமே. தனியாருக்குக் கதவு அடைபட்டது.

உள்நாட்டு சர்வீஸ் நடத்திய இந்தியன் ஏர்லைன்ஸுக்கு எட்டு கம்பெனிகளின் 99 விமானங்கள் வந்து சேர்ந்தன. அவற்றில் 74 பழைய டக்கோட்டாக்கள். ஒட்டுப்போட்ட போர்வைபோல் இருந்தது அந்தச் சொத்து.

பறிகொடுத்தவரே தலைவர்

வெளிநாட்டு சர்வீஸுக்கு யார் தலைவர்? சர்க்கார் டாட்டாவையே கூப்பிட்டது! வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு, காவலுக்கும் அவரையே கூப்பிட்டது போல. வேறொருவர் என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார். டாட்டா யோசித்தார். தன்னை நம்பி வந்த ஊழியர்கள் இருக்கிறார்கள். தான் கட்டிக்காத்த தரம் இருக்கிறது. ஒப்புக்கொண்டார். சம்பளம் வாங்காமல் 25 ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தார்.

விமானத்தில் ஏறினால் அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. நாற்காலி சாய்கிறதா, தேநீர் சரியாக இருக்கிறதா, கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பார். குறிப்பெடுத்து அதிகாரிகளுக்கு அனுப்புவார். அழுக்கைக் கண்டால் தானே துடைக்கவும் தயங்கமாட்டார்.

பலன் தெரிந்தது. 1958-ம் ஆண்டில் உலக விமானக் கம்பெனிகளின் சங்கத்துக்கு அவர் தலைவர் ஆனார். 1960-ம் ஆண்டில் போயிங் ஜெட் விமானம் வந்தது. 1962-ம் ஆண்டில், ஜெட் விமானங்களை மட்டுமே வைத்து நடத்தும் உலகின் முதல் கம்பெனி என்ற பெயர் ஏர் இந்தியாவுக்குக் கிடைத்தது. சர்க்கார் கம்பெனி என்றால் தூங்கிவழியும் என்ற பேச்சை அது பொய்யாக்கியது. மந்திரிகள் அன்றாட வேலையில் தலையிடாமல், தெரிந்தவரிடம் பொறுப்பைக் கொடுத்ததுதான் அதற்குக் காரணம்.

ஒரு கடிதத்தில் முடிந்தது

1978-ம் ஆண்டு, ஜனவரி முதல் தேதி. "எம்பரர் அசோகா" என்ற ஜம்போ விமானம் பம்பாய்க்கு அருகே கடலில் விழுந்தது. 213 பேர் மாண்டார்கள். அந்தத் துயரம் ஆறுவதற்குள், அடுத்த மாதமே மொரார்ஜி தேசாய் சர்க்கார் டாட்டாவைத் தலைவர் பதவியில் இருந்து நீக்கியது. விபத்துதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. புதிய தலைவர் நியமிக்கப்பட்ட செய்தி, சர்க்காரின் கடிதம் வருவதற்கு முன்பே வேறு வழியாக அவர் காதுக்கு எட்டியது. 46 ஆண்டு உழைப்புக்கு இதுதான் விடை!

அப்போது ஏர் இந்தியாவின் மானேஜிங் டைரக்டராக இருந்தவர் அப்புசாமி. டாட்டாவுக்கு நேர்ந்ததைப் பொறுக்காமல் அவர் ராஜிநாமாக் கடிதம் கொடுத்தார். டாட்டாவின் கீழ் வேலை செய்தவர்கள் அவரை எப்படி மதித்தார்கள் என்பதற்கு அது ஒன்றே போதும்.

1980-ம் ஆண்டில் இந்திரா காந்தி சர்க்கார் அவரை மீண்டும் நிர்வாக போர்டில் சேர்த்தது. தலைவராக அல்ல, உறுப்பினராக. அவர் அதையும் ஏற்றுக்கொண்டார்.

1982-ம் ஆண்டு அக்டோபர் 15. கராச்சியில் இருந்து பம்பாய்க்கு ஒரு பழைய சின்ன விமானம் வந்து இறங்கியது. ஓட்டி வந்தவர் டாட்டா. வயது 78! முதல் தபால் பறந்து 50 ஆண்டுகள் நிறைந்ததை, அவர் அப்படித்தான் கொண்டாடினார்.

1992-ம் ஆண்டில் பாரத ரத்னா பட்டம். 1993-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி ஜெனீவா நகரில், 89-வது வயதில் கண் மூடினார். பிறந்த ஊரான பாரீசில் அடக்கம் செய்தார்கள்.

அவருக்குப் பின்

அவர் மறைந்து சில மாதங்களே ஆகியிருந்தன. 1994-ம் ஆண்டு, 1953-ம் ஆண்டின் சட்டம் ரத்து ஆயிற்று. தனியாருக்கு மறுபடியும் கதவு திறந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. 2007-ம் ஆண்டில் இரண்டு சர்க்கார் கம்பெனிகளும் ஒன்றாக்கப்பட்டன. நஷ்டம் மலைபோல் குவிந்தது. கடைசியில் 18 ஆயிரம் கோடி ரூபாய்க்கு டாட்டா நிறுவனமே ஏலத்தில் எடுத்தது. 2022-ம் ஆண்டு ஜனவரி 27-ந் தேதி, ஏர் இந்தியா பிறந்த வீட்டுக்குத் திரும்பியது.

அப்படியானால் சர்க்காருக்கு வேலை இல்லையா? உண்டு. 2025-ம் ஆண்டு ஜூன் 12-ந் தேதி ஆமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து, அதில் இருந்த 242 பேரில் 241 பேர் மாண்டதை நாடு மறக்காது. கம்பெனி யாருடையதாக இருந்தாலும், விமானத்தைச் சோதிக்கவும் விபத்தை விசாரிக்கவும் ஒரு கை வேண்டும். அந்தக் கை சர்க்காருடையதுதான். 1934-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் 2025-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. சட்டம் புதிது, அதன் வேலை பழையதுதான்.

லாபம் இல்லாத ஊருக்கு எந்தக் கம்பெனியும் தானாக வராது. 2017-ம் ஆண்டில் தொடங்கிய உடான் திட்டத்தில், சிறு ஊர்களுக்குப் பறக்கும் கம்பெனிகளுக்குச் சர்க்கார் உதவித்தொகை கொடுத்தது. ஒரு பகுதி இருக்கைகளுக்குக் கட்டண உச்சவரம்பும் விதித்தது. அந்தத் திட்டத்தில் 2018-ம் ஆண்டில் சேலத்துக்கு விமானம் வந்தது. திருப்பத்தூரில் ரயில் ஏறினால் தெற்கே வரும் பெரிய ஊர் சேலம்தான். டாட்டா கேட்டும் வெள்ளைக்கார சர்க்கார் கொடுக்காத மானியம், 85 ஆண்டுகள் கழித்து இப்படி வந்தது.

லைசென்சுகளை வாரி வழங்கியபோது ஆகாயத்தில் கம்பெனிகள் முட்டி மோதிக்கொண்டு விழுந்தன. எல்லாமே சர்க்கார் என்றபோது, நல்ல தலைவர் இருந்தவரை ஓங்கியது, பிறகு சரிந்தது. இரண்டையும் தன் வாழ்நாளில் கண்டவர் டாட்டா. லைசென்சு கொடுக்கிறவர் அளவறிந்து கொடுக்கவேண்டும். வாங்குகிறவர் தரம் குறையாமல் நடத்தவேண்டும். முதல் நம்பர் லைசென்சு வாங்கியவரின் வாழ்க்கை நமக்குக் காட்டும் பாடம் இதுதான்.